'சிற்றுடல்' என்னும் ஆடை: கார்செட் என்ற சொல்லின் வரலாறு

சென்ற திங்கள் ஆய்வு மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டின் ஓர் இயலைப் படித்துக் கருத்துரைக்குமாறு அனுப்பியிருந்தார். ஐரோப்பிய உடை வரலாற்றில் உடல் எவ்வாறு கருதப்பட்டது என்பது அவ்வியலின் பொருள். உழைப்பும் கூர்மையும் நிறைந்த எழுத்து. ஆயினும் ஒரு தொடரைத் தாண்டி என்னால் செல்ல இயலவில்லை. "13ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் அரச குடும்பத்து ஆடவர் இடையை இறுக்கும் கார்செட்டை அணிந்தனர்" என்று எழுதியிருந்தார்.

அவர் காட்டிய சான்று மெய்யானது. 1265ஆம் ஆண்டின் வீட்டுக் கணக்கு ஒன்றில் 'கார்செட்' என்ற சொல் இருக்கிறது. அது ஆடவருக்காக வாங்கிய துணியைப் பற்றிய குறிப்பு என்பதும் மெய். ஆனால் அவர் அடைந்த முடிவு பிழை. மெய்யான சான்றிலிருந்து பிழையான முடிவு எவ்வாறு பிறந்தது என்பதை அவருக்கு விளக்கி எழுதத் தொடங்கினேன். மடல் நீண்டுவிட்டது. சொற்களை வைத்து வரலாறு எழுதும் பிற மாணவர்க்கும் பயன்படலாம் என்று கருதி அதனை விரித்து இங்கே இடுகிறேன்.

*

முதலில் சொல்லின் பிறப்பு. இலத்தீனில் உடலைக் குறிக்கும் சொல் 'கோர்புஸ்'. அது பழைய பிரெஞ்சில் 'கோர்ஸ்' என்று தேய்ந்தது. அதனோடு சிறுமைப் பொருள் தரும் 'எத்' என்ற விகுதி சேர்ந்து 'கோர்செத்' ஆயிற்று. ஆங்கிலத்தின் 'கார்செட்' அதுவே. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'சிற்றுடல்'. இச்சொல்லில் இடை இல்லை, இறுக்கம் இல்லை, கயிறும் இல்லை. உடல் மட்டுமே இருக்கிறது.

இதன் உறவுச் சொற்கள் பல. ஆங்கிலத்தில் பிணத்தைக் குறிக்கும் 'கார்ப்ஸ்', படைப்பிரிவைக் குறிக்கும் 'கோர்', ஓருடம்பாகக் கருதப்படும் அமைப்பைக் குறிக்கும் 'கார்ப்பரேஷன்' ஆகிய மூன்றும் இந்த வேரின் கிளைகள். போர்வீரன் மார்பில் பூண்ட கவசத்துக்கும் 'கார்ஸ்லெட்' என்று பெயர் இருந்தது. அதுவும் சிற்றுடலே. 'கோர்சாஜ்' என்ற சொல்லின் பயணம் இன்னும் விந்தையானது. அது முதலில் உடலின் அளவைக் குறித்தது. பின் உடையின் மேற்பகுதியைக் குறித்தது. இறுதியில் அம்மேற்பகுதியில் செருகும் பூங்கொத்துக்கே பெயராயிற்று. உடலிலிருந்து துணிக்கும், துணியிலிருந்து பூவுக்கும் பெயர் தாவிச் சென்றிருக்கிறது. சொற்பொருள் மாற்றத்தைப் பாடம் நடத்துவோர்க்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், இலத்தீனின் 'கோர்புஸ்' என்பதற்கும், வடிவம், தோற்றப்பொலிவு என்ற பொருளில் வேதமொழியில் வழங்கிய 'க்ருப்' என்ற சொல்லுக்கும் ஒரே மூலம் என்பது இந்தோ-ஐரோப்பிய மொழியியலார் கண்ட முடிவு. இதைக் கேட்டவுடன் சிலர் மகிழ்ந்து, "வடிவம் தரும் ஆடைக்கு வடிவம் என்னும் பொருளுடைய வேர், எத்துணைப் பொருத்தம்!" என்பர். இந்த மகிழ்ச்சியைத்தான் அடக்கிக்கொள்ள வேண்டும். ஆடைக்குப் பெயரிட்ட பிரெஞ்சுத் தையற்காரனுக்கு அந்தத் தொல்வேர் தெரியாது. வேர்ச்சொல் ஒரு சொல்லின் பிறப்பைக் கூறும். பொருள் எந்தக் காலத்தில் என்னவாக இருந்தது என்பதை அக்காலத்து ஆவணங்களே கூறும்.

*

இனி 1265ஆம் ஆண்டின் ஆவணம். லெஸ்டர் கோமாட்டி எலினாரின் வீட்டுக் கணக்குச் சுருள் அது. எலினார் அரசர் மூன்றாம் ஹென்றியின் உடன்பிறந்தவர். அரசரை எதிர்த்துப் போர்புரிந்த சைமன் தெ மான்ஃபோர்ட்டின் மனைவி. 1264இல் லூயிஸ் என்னும் இடத்தில் நடந்த போரில் சைமன் வென்றார். அரசரின் தம்பியும், எலினாருக்குத் தமையனுமான ரிச்சர்ட் சிறைப்பட்டார். சிறைப்பட்ட உறவினருக்கும் எலினாரின் இல்லத்துக் கணக்கிலிருந்தே செலவு செய்யப்பட்டது. அவ்வாறு வாங்கிய கோடைக்கால உடைகளின் பட்டியலில், நீளங்கிகளுக்கும் மேற்போர்வைகளுக்கும் இடையே 'கார்செட்' என்ற சொல் வருகிறது.

அந்தச் சுருளில் இச்சொல் குறிப்பது வெளியே தெரியுமாறு அணிந்த ஒரு மேலாடையை. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் ஆடவரும் மகளிரும் அணிந்த, உடலின் மேற்பகுதியை மூடும் உடைக்கு இப்பெயர் வழங்கிற்று. குளிர்காலத்துக்கென விலங்கின் மென்மயிர்த் தோலை உள்வைத்துத் தைத்த கார்செட்டுகளும் உண்டு. இடையை இறுக்கும் உள்ளாடைக்கு எவரும் தோலுள்ளுறை வைத்துத் தைப்பதில்லை என்பதை எண்ணினாலே போதும், அது வேறு பொருள் என்பது விளங்கிவிடும்.

இந்தப் பிழையை முதலில் செய்தவர் என் மாணவி அல்லர். 1860களின் பிற்பகுதியில் இலண்டனில், கார்செட்டையும் அகன்ற பாவாடைக் கூடாகிய கிரினலினையும் பற்றி ஒரு நூல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டிருந்தார். கார்செட்டுக்கு எதிராக மருத்துவர்கள் குரல் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. இந்நூலோ அதனை ஆதரித்து நின்றது. பண்டு தொட்டே, ஆடவர் உட்பட, யாவரும் அணிந்த ஆடை இது என்று நிறுவுவது அதற்குத் தேவையாயிருந்தது. எனவே 1265ஆம் ஆண்டின் கணக்கை எடுத்துக்காட்டி, ஆடவரும் கார்செட் அணிந்தனர் என்று முடிவு கட்டியது. இன்று அதே குறிப்பைக் கார்செட்டை எதிர்ப்போரும் எடுத்தாள்கின்றனர். எழுநூறு ஆண்டுக் கொடுமைக்கு அது தொடக்கச் சான்றாகிவிடுகிறது. இரு தரப்பும் எதிரெதிரான முடிவுகளை விரும்பினாலும் செய்யும் பிழை ஒன்றே. இரு தரப்பினரும் தம் காலத்துப் பொருளைப் பழைய சொல்லுக்குள் புகுத்திவிட்டனர்.

இத்தகைய மற்றொரு கதை, பிரான்சின் அரசி கத்தரீன் தெ மெதிசி அரண்மனைப் பெண்களுக்கு 13 அங்குல இடையை விதித்தார் என்பது. அரசியின் காலத்துச் சான்று எதுவும் இதற்கு இல்லை. அருங்காட்சியகங்களில் உள்ள இரும்புக் கார்செட்டுகளை இக்கதைக்குத் துணையாகக் காட்டுவர். 16ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே, வளைந்த முதுகை நிமிர்த்துவதற்கு இரும்பாலான மார்புக்கூட்டைப் பரிந்துரைத்தார். எஞ்சியிருக்கும் இரும்புக் கூடுகளுட் சில இத்தகைய மருத்துவக் கருவிகள் என்றும், வேறு சில பிற்காலத்துப் போலிகள் என்றும் உடை வரலாற்றாய்வாளர் கருதுகின்றனர். 2001இல் வெளிவந்த வலெரி ஸ்டீலின் கார்செட் பற்றிய நூல் இவற்றை விரிவாக ஆராய்கிறது.

*

அப்படியானால், மகளிரின் உடற்பகுதியைத் திண்மையாக்கி வடிவம் தந்த ஆடை 16, 17ஆம் நூற்றாண்டுகளில் எப்பெயரால் வழங்கிற்று? பிரெஞ்சில் 'கோர்', அதாவது 'உடல்'. ஆங்கிலத்தில் 'ஓரிணை உடல்கள்'. கால்சட்டையையும் கத்தரிக்கோலையும் 'இணை' என்று ஆங்கிலம் கூறுவது போல, இரு பாதிகளைக் கயிற்றால் கோத்துப் பூட்டிய இவ்வாடையையும் இணை என்றது. 'பாடி' என்பதன் பன்மையாகிய 'பாடிஸ்' காலப்போக்கில் தனிச் சொல்லாக இறுகிற்று. அதன் இறுதிச் சகர ஒலி பன்மை விகுதி என்பதே மறந்துபோயிற்று. சூதாட்டக் காயைக் குறிக்கும் 'டைஸ்', காசைக் குறிக்கும் 'பென்ஸ்' ஆகியவற்றிலும் பழைய பன்மை இவ்வாறே உறைந்து கிடக்கிறது. இன்று நாம் 'பாடிஸ்' என்னும் ஆடைப்பெயர், 'உடல்கள்' என்ற சொல்லின் பழைய உச்சரிப்பேயன்றி வேறன்று.

இந்த உடல்களுள் ஒன்று இன்றும் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் இருக்கிறது. 1603இல் முதலாம் எலிசபெத் இறந்தபோது இறுதி ஊர்வலத்துக்காக மரத்தால் அவருருவம் செய்யப்பட்டது. அவ்வுருவத்துக்கு அணிவித்த திண்ணிய உடற்கூடு அழியாமல் எஞ்சியுள்ளது. இங்கிலாந்தில் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. 'உடல்' என்று பெயர் கொண்ட ஆடை, உயிரில்லாத மரவுடலுக்கு உடுத்தப்பட்டு, உண்மையான உடல் மண்ணான பிறகும் நிலைத்திருக்கிறது.

பிரான்சில் இந்த ஆடையைத் தைப்பதற்கென்றே ஒரு தொழில் இருந்தது. அத்தொழிலாளியின் பெயர் 'உடல் தையற்காரன்'. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வெளிவந்த திதெரோவின் கலைக்களஞ்சியத்தில் இத்தொழிலின் கருவிகளும் வெட்டுமுறையும் படங்களாக உள்ளன. 1769இல் கார்சோ எழுதிய தையற்கலை நூல், மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் 'உடல்' தைப்பவரின் தொழிலைத் தனிப்பகுதியாக விளக்குகிறது. குழந்தைகளுக்கும் என்பதைக் கருதுக. பிஞ்சு உடல் தானே நேராக வளராது, அதனை நேராக்க வேண்டும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் வேரூன்றியிருந்தது.

இங்கே ஆண், பெண் தொழிலுரிமையும் குறுக்கிடுகிறது. 1675இல் பதினான்காம் லூயி பாரிசின் பெண் தையலர்க்குத் தனித் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை அளித்தார். அதற்கு முன் மகளிரின் உடையைத் தைக்கும் உரிமை சட்டப்படி ஆண் தையலருக்கே இருந்தது. புதிய உரிமையால் பெண்கள் மகளிர் உடைகள் பலவற்றைத் தைக்கலாயினர். ஆனால் அரண்மனை உடையின் திண்ணிய மேற்பகுதியாகிய 'உடல்' ஆண்களிடமே நின்றது. தடித்த துணியில் நெருக்கமாகத் துளையிட்டு, விறைப்பான பட்டைகளைச் செருகித் தைக்க வலிய கை வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். பெண்ணின் உடலுக்கு வடிவம் தரும் உடலை ஆண் வெட்டினான். இந்தச் செய்தி 'கார்செட்' என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. 'உடல்' என்ற சொல்லைத் தொடர்ந்தால்தான் கிடைக்கும்.

*

அந்த விறைப்பான பட்டைகளின் பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு. அவற்றைத் திமிங்கில எலும்பு என்று ஆங்கிலம் கூறுகிறது. அவை எலும்பல்ல. பல்லில்லாத் திமிங்கிலங்களின் மேல்தாடையிலிருந்து சீப்புப்போல் தொங்கி, கடல்நீரை வடிகட்டி இரையைத் தங்கச் செய்யும் தகடுகள் அவை. நம் நகத்தையும் மயிரையும் போன்ற கெராட்டின் என்னும் பொருளாலானவை. வெப்பத்தில் வளைந்து, ஆறியபின் அவ்வடிவிலேயே நிற்பவை. அதனால்தான் ஆடைக்கு உகந்தவையாயின. 'திமிங்கில எலும்பு' என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்குவோர் ஓர் அடிக்குறிப்பாவது இடுவது நலம்.

17ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் 'ஸ்டேஸ்' என்ற மற்றொரு பெயரும் வழங்கலாயிற்று. முட்டுக்கொடுப்பவை என்பது அதன் பொருள். இது உடலின் பெயரன்று, செயலின் பெயர். சாயும் சுவருக்கு முட்டுக்கொடுப்பது போலப் பெண்ணுடலுக்கும் முட்டுத் தேவை என்ற எண்ணம் இப்பெயரில் வெளிப்படையாகவே இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் 'கோர்' ஒன்று, 'கோர்செத்' மற்றொன்று. முன்னது பட்டைகள் நிறைந்த திண்ணிய கூடு. பின்னது வீட்டிலும் ஓய்விலும் அணிந்த, பட்டை இல்லாத அல்லது மிகச் சிலவே கொண்ட மெல்லிய ஆடை. சிறுமை விகுதி இங்குப் பொருளோடு நின்றது. அந்நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறியது. பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில் திண்ணிய கூடுகள் வழக்கிழந்தன. மெல்லிய துணியில் இயல்பாக விழும் உடைகள் பரவின. மெல்லிய ஆடையும் அதன் பெயரும் ஆங்கிலத்துக்குப் புதிய நாகரிகமாக வந்தன. உடலுக்கு வடிவம் தரும் உள்ளாடை என்ற இன்றைய பொருளில் இச்சொல் ஆங்கிலத்தில் 1795 முதல் காணப்படுகிறது. 'ஸ்டேஸ்' பழமையின் அடையாளமாகவும் 'கார்செட்' நாகரிகத்தின் அடையாளமாகவும் தோன்றின.

அடுத்து நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றின் முரண். பெயர் நின்றது, பொருள் மாறியது. 1820களின் இறுதியில் கயிறு கோக்கும் துளைகளுக்கு உலோக வளையங்கள் வந்தன. கையால் நூலிட்டுக் கட்டிய துளை தாங்காத இழுப்பை உலோகம் தாங்கியது. நூற்றாண்டின் நடுவில், முன்புறம் கொளுவித் திறக்கும் எஃகுப் பட்டைகள் பரவின. தையல் எந்திரமும் தொழிற்சாலையும் சேர, கார்செட் மலிவாகி உழைக்கும் மகளிரையும் எட்டியது. மென்மைக்காக ஏற்ற பெயர், முன்னைய கூடுகளினும் இறுக்கமாக இழுக்கக்கூடிய கருவிக்கு உரியதாயிற்று. நாம் இன்று 'கார்செட்' என்றவுடன் நினைப்பது இந்த 19ஆம் நூற்றாண்டின் வடிவத்தையே.

இதனால் ஆய்வாளர்க்கு விளையும் இடர் சிறிதன்று. இன்று நாம் எண்மத் தரவகங்களில் சொல்லை இட்டுத் தேடுகிறோம். 'கார்செட்' என்று தேடினால் 13ஆம் நூற்றாண்டில் தொடர்பில்லாத மேலாடை அகப்படும். 1762இல் ரூசோ 'எமீல்' நூலில் இந்த ஆடையைக் கண்டித்த பகுதி அகப்படாது. ஏனெனில் அவர் எழுதியது திமிங்கிலப் பட்டையிட்ட 'உடல்' என்றே. 1770இல் போனோ என்பவர் மனித இனத்தின் சீரழிவுக்கு இவ்வாடையே காரணம் என்று ஒரு தனிநூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலும் இருப்பது 'உடல்' என்ற சொல்தான். தேடுபொறி தேடுவது எழுத்துவடிவத்தை, பொருளை அன்று.

*

உடலின் பெயரையே ஆடைக்கு இடுவது பிரெஞ்சாருக்கு மட்டும் உரிய வழக்கா? அன்று. ஸ்பானிய மொழியின் 'கோர்பிஞோ' சிற்றுடலே. ஜெர்மானிய மொழியில் உடலைக் குறிக்கும் 'லைப்' என்பதிலிருந்து 'லைப்ஷன்' என்னும் ஆடைப்பெயர் பிறந்தது. இவை ஒன்றையொன்று பார்த்து வளர்ந்த அண்டை மொழிகள் எனலாம். ஆனால் நம் நாட்டிலும் இதே வழக்கு உண்டு. இந்தியின் 'அங்கியா' மகளிரின் மார்பாடையைக் குறிக்கும். வடமொழியின் 'அங்கிகா' அதன் மூலம். அங்கம் அதன் வேர். வட இந்திய ஆடவரின் 'அங்கர்கா' அங்கத்தைக் காப்பது. தமிழில் நாம் வழங்கும் 'அங்கி'யும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

தமிழுக்கே உரிய சான்றும் இருக்கிறது. முல்லைப்பாட்டில், பாசறையைக் காக்கும் யவனரின் சட்டைக்கு 'மெய்ப்பை' என்று பெயர். தைத்த உடையை அயலார் உடலில் கண்ட தமிழ்ப் புலவர், மெய்யை இடும் பை என்று அதனைக் கூறினார். இங்கே நுட்பமான வேறுபாடு ஒன்று உள்ளது. பிரெஞ்சு, ஆடையை உடல் என்றது. தமிழ், உடலைக் கொள்ளும் பை என்றது. ஒன்றில் ஆடையும் உடலும் ஒன்றாகிவிட்டன. மற்றொன்றில் உள்ளிருப்பதும் புறத்தே சூழ்வதும் பிரிந்தே நிற்கின்றன.

மகளிரின் மார்பாடைக்கு நம் பழைய இலக்கியம் வழங்கும் கச்சு, வார், வம்பு ஆகியவை கட்டுதலையும் பட்டையையும் நினைவூட்டும் சொற்கள். அவை உடலைச் சுற்றிக் கட்டுபவை. கட்டை அவிழ்த்தால் வெறும் துணி. கார்செட்டோ கழற்றிய பின்னும் ஓர் உடலின் வடிவில் நிற்கும். ஆகவே 'கார்செட்' என்று கண்ட இடமெல்லாம் 'கச்சு' என்று தமிழாக்கும் நம் அகராதி வழக்கம் மறுசிந்தனைக்கு உரியது. 1265இன் கார்செட்டுக்கு 'மேற்சட்டை' போதும். 17ஆம் நூற்றாண்டின் 'உடல்'களுக்கு 'உடற்கூடு' பொருந்தும். 19ஆம் நூற்றாண்டுக்குரியதைக் 'கார்செட்' என்றே விட்டுவிடலாம். ஒரு சொல்லுக்கு மூன்று பெயர்ப்புகள் தருவது ஒழுங்கின்மை அன்று. காலத்துக்குக் காட்டும் மரியாதை.

இறுதியாக, நம் வீடுகளில் வழங்கும் ஒரு சொல். தமிழ்ப் பெண்கள் மார்பின் உள்ளாடையைப் 'பாடி' என்பர். 'உள்பாடி' என்றும் கூறுவர். ஆங்கில 'பாடிஸ்' தமிழ் வாயில் புகுந்து இறுதி ஒலியை இழந்தது. ஆங்கிலேயர் 'உடல்கள்' என்ற பன்மையை மறந்து அதை ஒருமையாக்கினர். நாம் அந்த மறந்த விகுதியையும் உதிர்த்து மீண்டும் 'உடல்' என்ற இடத்துக்கே வந்து சேர்ந்தோம். எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. படித்தவர் பலர் இச்சொல்லைக் கொச்சை என்று ஒதுக்குவர். ஆனால் இது பாரிசின் தையற்கூடத்திலும் எலிசபெத்தின் மரவுருவத்திலும் வழங்கிய அதே பெயர்.

மாணவிக்கு நான் எழுதிய அறிவுரை சுருக்கமானது. அத்தொடரை நீக்க வேண்டா. அதனை அவ்வியலின் தொடக்கமாக்குக. 13ஆம் நூற்றாண்டில் ஆடவர் கார்செட் அணிந்தனர் என்பது மெய்யே. அந்தக் கார்செட் எது, இடையில் நின்ற 'உடல்' எது, 'முட்டு' எது, பின்னர் வந்த கார்செட் எது என்று ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனியே வினவுக. எழுநூறு ஆண்டுகளாக ஒரே ஆடை பெண்ணை இறுக்கியது என்ற எளிய கதை அப்போது நிற்காது. அதன் இடத்தில், யார் யாருடைய உடலை எந்தக் கருவியால் எந்த நியாயம் கூறி வடிவமைத்தனர் என்ற கடினமான கதை எழும். கண்டிக்க வேண்டியதைத் தெளிவாகக் கண்டிக்கும் வலிமையும் அந்தக் கதைக்கே உண்டு.